கட்டுமரத்துக்கு ஓர் ஈட்டெண்

ஓட்டப் பந்தயத்திலே முந்தி வந்தவன் வென்றவன். இதனை விளக்குதற்குப் பண்டிதர் எவரும் வேண்டியதில்லை. ஓடுபவர் அனைவர்க்கும் கால் இரண்டு, கோடு ஒன்று, தூரம் ஒன்று. ஆயின், முல்லைத்தீவுக் கரையிலே மரங்களைக் கயிற்றாற் பிணித்துச் செய்த கட்டுமரம் ஒன்றும், கண்ணாடியிழை வள்ளம் ஒன்றும், மேலைநாட்டார் விளையாட்டுக்கென்றே அமைத்த இரட்டையுடற் பாய்க்கலம் ஒன்றும் பாய் விரித்து ஒருங்கு புறப்படுமாயின், முந்தி வந்ததே வென்றது என்று கூறிவிடலாமோ? கூறலாம். கூறினால் அடுத்த ஆண்டுப் போட்டிக்குக் கட்டுமரக்காரன் வரமாட்டான்.

அவன் வாராதொழிந்தால் யாது நட்டம் என்று வினவுவாரும் உளர். அவர்க்கு விடை இது: அவனுக்குப் பின் வள்ளக்காரனும் வரமாட்டான். ஈற்றில் ஒரேவகைக் கலங்கள் மூன்றோ நான்கோ தம்முள்ளே ஓடி மீளும். அதனைக் காணக் கரையிலே சனம் நில்லாது. பலவகைக் கலங்கள் ஓடும் போட்டி நிலைத்திருக்க வேண்டுமாயின், எவ்வகைக் கலத்தினனும் 'இன்று நானும் வெல்லக்கூடும்' என்று நம்பிக் கடலில் இறங்குதல் வேண்டும். அந்நம்பிக்கைக்கு ஒரு கணக்கு வேண்டும். ஆங்கிலத்திலே 'ஹண்டிகப்' என வழங்குவது அக்கணக்கேயாம்.

இச்சொல்லுக்கு எமது அகராதிகள் தரும் பொருள் ஊனம், தடை, இடையூறு என்பன. அவை பிற்காலத்துப் பொருள்கள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நாட்டிலே இருவர் தத்தம் பொருளைப் பண்டமாற்றுச் செய்ய விரும்பினால், நடுவன் ஒருவன் இரண்டன் பெறுமதியையும் ஆராய்ந்து, தாழ்ந்த பொருளுடையான் மேலதிகமாகக் கொடுக்கவேண்டிய தொகையை மதித்துக் கூறுவான். உடன்பாடோ மறுப்போ தெரிவிக்க இருவரும் தொப்பி ஒன்றினுள் கையிட்டு எடுப்பர். தொப்பியுட் கை என்னும் அத்தொடரே திரிந்து ஒரு சொல்லாயிற்று. ஆகவே அதன் வேர்ப்பொருள் ஊனம் அன்று. இருதிறத்தாரும் ஒப்ப நடுவன் கூறும் ஈடு. ஈடு செய்தல் என்பது எமது மக்கள் வழக்கிலே நன்கு பயின்ற தொடர். யான் இக்கட்டுரையில் 'ஈட்டெண்' என்று வழங்குவேன்; இதனிற் சிறந்த சொல் கண்டவர் அதனை வழங்குக.

சொல் ஆராய்ச்சியிற் புகுந்தமையால் மற்றொன்றையும் சொல்லிவிடுகின்றேன். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லை வில்லியம் டம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட தமது பயண நூலிலே சோழமண்டலக் கரையின் மிதவைக்குரிய பெயராகக் குறித்தார். அது முதல் அச்சொல் ஆங்கிலத்திற் குடியேறியது. ஆயின் இன்று ஆங்கிலர் அப்பெயரால் அழைக்கும் கலம் எமது கட்டுமரம் அன்று. ஒடுங்கிய இரண்டு உடல்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களாற் பிணித்த அமைப்பு அது. பசுபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணிக்கு உறவானது. எமது கட்டுமரத்திலோ மரங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். இடையிலே நீர் புகுந்து வடியும். உள்ளிடம் என்பதே இல்லை. சொல்லைக் கொண்டு சென்றவர் பொருளை இங்கேயே விட்டுச் சென்றனர். இப்போது அச்சொல் 'கற்றமரான்' என்று வேடம் பூண்டு திரும்பி வந்து, எமது பிள்ளைகளுக்குப் பிறமொழிச் சொல்லாகத் தோன்றுகின்றது! கட்டுமரங்களுள்ளும் வகை பல. ஜேம்ஸ் ஹோர்னெல் என்பார் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆராய்ச்சியில் அவ்வகைகளைப் பிரித்துக் காட்டியிருக்கின்றார். கோலா மீன் பிடிக்கக் கடலில் நெடுந்தூரம் செல்லும் பெரிய கட்டுமரத்துக்குக் கோலாமரம் என்று பெயர்.

நிற்க. இரட்டையுடற் கலத்துக்கும் ஏனைய படகுகளுக்கும் இடையிலான வழக்கு, புதியதன்று. 1876ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே நியூயோர்க்குத் துறைமுகத்தில் ஒரு பெரும் பாய்க்கலப் போட்டி நடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நூற்றாண்டு விழாவை ஒட்டியது அது. நத்தானியேல் ஹெரஷோஃப் என்னும் இளம் படகமைப்பாளர் 'அமரில்லிஸ்' எனப் பெயரிய இரட்டையுடற் கலத்தை அங்கே கொணர்ந்தார். அது ஏனைய கலங்களை வெகுதூரம் பின்னே விட்டு ஓடியது. தோற்றவர் எழுப்பிய முறையீடு யாது தெரியுமோ? அது படகே அன்று என்பது! நடுவரும் அவ்வழக்கை ஏற்றுப் பரிசை வேறொருவர்க்கு அளித்தனர். ஹெரஷோஃப் மறு ஆண்டு தமது அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், போட்டி உலகம் அவ்வகைக் கலத்தை நெடுங்காலம் வாயிலுக்கு வெளியேயே நிறுத்திவைத்தது.

வேகமான கலத்தை வெளியே தள்ளுதல் நீதி அன்று. மெதுவான கலத்தை நாணச் செய்து துரத்துதலும் நீதி அன்று. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காணவே கணக்கர்கள் முயன்றனர். அவர் கண்ட வழிகள் பெரும்பான்மையும் இரண்டில் அடங்கும்.

ஒன்று, கலத்தின் பழைய ஓட்டங்களைக் கொண்டு அதன் எண்ணைக் காணுதல். ஆங்கில நாட்டுத் தென்கரையிலுள்ள போட்ஸ்மத் துறைமுகத்தின் பெயரால் வழங்கும் அளவுகோல் இவ்வகையது, 1950களில் வேரூன்றியது. பல கழகங்களிலே நடந்த போட்டிகளின் முடிவுகளைத் திரட்டி, இன்னவகைப் படகு இன்ன எண்ணுக்குரியது என்று முடிவு செய்வர். ஓடிய நேரத்தை அவ்வெண்ணால் வகுத்து ஆயிரத்தாற் பெருக்கினால் திருத்திய நேரம் கிடைக்கும்.

மற்றொன்று, ஓடவிடாமலே அளந்து காணுதல். கலத்தின் நீளம், பாயின் பரப்பு, ஆட்களையும் சேர்த்த நிறை என்னும் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டு எண்ணை வருவிப்பர். நீளமும் பாயும் மிகின் வேகம் மிகும். நிறை மிகின் வேகம் குன்றும். நீருள் இறங்கும் நடுப்பலகை உண்டா, காற்றுப்பின் வரும்போது விரிக்கும் குடைப்பாய் உண்டா என்பனவும் கணக்கிற் சேரும். ஒல்லாந்து நாட்டு டெக்ஸல் தீவைச் சுற்றி 1978 முதல் நடந்துவரும் பெரும் போட்டியின் பெயரால் ஒரு சூத்திரம் உண்டு. உலகப் பாய்க்கல விளையாட்டு அமைப்பு ஏற்ற சிறு இரட்டையுடற் கலங்களுக்கான சூத்திரம் வேறொன்று. இரண்டும் ஒரு குலத்தனவே.

கணக்கு எவ்வாறு நடக்கும் என்பதை மாணவர் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். எண்கள் யான் புனைந்தவை. இரட்டையுடற் கலத்தின் ஈட்டெண் 1.00 என்று கொள்க. பாய் கட்டிய வள்ளத்துக்கு 1.20, கட்டுமரத்துக்கு 1.40. இரட்டையுடற் கலம் 61 நிமிடத்தில் கரை சேர்கின்றது, சனம் ஆரவாரிக்கின்றது. வள்ளம் 74ஆம் நிமிடத்தில் வருகின்றது. கட்டுமரம் 84ஆம் நிமிடத்தில் வருகின்றது. அதற்குள் பாதிச் சனம் தேநீர் குடிக்கப் போய்விட்டது. இனி வகுத்துப் பார்க்க. இரட்டையுடற் கலத்துக்கு 61 நிமிடம். வள்ளத்துக்கு 61 நிமிடம் 40 விநாடி. கட்டுமரத்துக்குச் சரியாக 60. கடைசியில் வந்தவனே வென்றவன்! தேநீர்க் கடையிலிருந்து திரும்பி வந்தவர் இதனை எங்ஙனம் நம்புவர் என்பது வேறு வினா. அதற்கு விடையைப் பின்னர்ச் சொல்வேன்.

அளந்து எண்ணிடும் முறைக்கு ஒரு பெருங் குறையுண்டு. அளவை அறிந்தவன் அளவைக்கென்றே படகு கட்டுவான். 1855இல் இலண்டனிலே தேம்ஸ் அளவை என்னும் முறை வகுக்கப்பட்டது. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, அதனை அகலத்தாலும், பின்னர் அகலத்தின் பாதியாலும் பெருக்கி, 94ஆல் வகுப்பது அதன் விதி. அகலம் இருமுறை பெருக்கத்தில் வருகின்றது. உண்மையான ஆழமோ கணக்கில் வரவேயில்லை. அகலத்தின் பாதியே ஆழம் என்று கொண்டனர். விளைவு யாது? படகு கட்டுவோர் அகலத்தைக் குறைத்துக் குறைத்து, ஆழத்தை மிகுத்து, அடியிலே ஈயத்தைச் சுமத்தி, பலகை ஒன்றை விளிம்பில் நிறுத்தினாற் போன்ற கலங்களைச் செய்தனர். அவை கணக்கிலே சிறியன, கடலிலே வேகமுடையன, இருந்து பயணஞ் செய்வார்க்கோ துன்பந் தருவன. ஒரு பிழையான பெருக்கல் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டுப் படகுகளின் வடிவத்தையே கெடுத்தது.

எமது வகுப்பறைகளிலே வினாத்தாளுக்கென்றே கட்டப்படும் பிள்ளைகளை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன். அவர்களும் ஒடுங்கி ஆழ்ந்தவர்களே. அது கிடக்க.

கட்டுமரத்துக்கு எண்ணிடுவதில் வேறு சிக்கல்களும் உள. முதலாவது, நிறை. கண்ணாடியிழைக் கலம் இன்று எந்நிறையோ நாளையும் அந்நிறையே. கட்டுமரம் அத்தகையதன்று. அது மென்மரம், நீரைக் குடிக்கும். அதனாலன்றோ தொழிலுக்குப் போய்வந்தபின் கட்டவிழ்த்து மரங்களை மணலிலே உலரப் போடுகின்றனர்! விடியற்காலத்திற் புறப்பட்ட கட்டுமரமும் நண்பகலிற் கரை சேர்ந்த அதே கட்டுமரமும் நிறையால் வேறு. எந்நேரத்து நிறையைச் சூத்திரத்தில் இடுவது? உலர்ந்த நிறையை இட்டால் கட்டுமரக்காரன் நட்டப்படுவான்; நனைந்த நிறையை இட்டால், இரண்டு நாள் வெயிலிற் காயவைத்துக் கொண்டு வருபவன் நயம் பெறுவான். இதற்கு யான் காணும் வழி ஒன்றே. போட்டிக்கு முதல்நாள் மாலை எல்லா மரங்களையும் நீரில் இறக்கி, இரா முழுவதும் நீரிலேயே கட்டிவைத்து, காலையில் நிறுக்கவேண்டும்.

இரண்டாவது, காற்று. ஒரே எண் எல்லாக் காற்றுக்கும் ஒவ்வாது. இளங்காற்றிலே மெலிந்த கலம் வழுக்கிச் செல்லும்; பாரித்த மரமோ அசையாது கிடக்கும். காற்று வலுக்க வலுக்க அவ்விடைவெளியின் அளவு மாறும். அமெரிக்கர் இதனை உணர்ந்து, போட்ஸ்மத் அளவுகோலைத் தாம் எடுத்தாண்டபோது, காற்றின் வலிக்கேற்ப வெவ்வேறு எண்களை அமைத்துக்கொண்டனர். எமது கடற்றொழிலாளர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்தவர்கள் அவர்கள். நெடுந்தீவு மீனவர் வாழ்க்கையை எழுதிய செங்கை ஆழியான் தமது நாவலுக்கு 'வாடைக்காற்று' என்றே பெயரிட்டார். அக்காற்று அவ்வாழ்க்கையில் எத்துணை இடங் கொண்டது என்பதற்கு அப்பெயரே சான்று.

மூன்றாவது, போகும் வழி. இதுவே மிகக் கடியது. கட்டுமரம் காற்றுப்பின் வர இனிது ஓடும். பக்கக் காற்றிலும் ஓடும். மரங்களின் இடையே பலகையைச் செருகி நிறுத்தினாலும், எதிர்க்காற்றை நெருங்கி வெட்டி ஏறுதல் அதற்குப் பெரும்பாடு. நடுப்பலகையுடைய புதிய கலமோ எதிர்க்காற்றிலே இப்புறமும் அப்புறமும் திரும்பி ஏணிப்படி ஏறுவது போல் ஏறும். ஆகவே, போட்டிப் பாதையைக் கீறுபவன் கையிலேயே வெற்றி பாதி இருக்கின்றது. எதிர்க்காற்றுத் துண்டு ஒன்றைக் கூட்டினால் 1.40 என்ற எண் கட்டுமரத்துக்குப் போதாது. அதனை நீக்கினால் அவ்வெண் மிகை. ஈட்டெண்ணை நிறுத்த வேண்டுமாயின் பாதையையும் ஆண்டுதோறும் ஒன்றாகவே நிறுத்தவேண்டும். இதனைக் கருதாது எண்ணை மட்டும் நூலிலிருந்து எடுத்து வழங்குவோர் நடுவர் அல்லர், வெறுங் கணக்கப்பிள்ளைகள்.

காற்றும் வெற்றியும் என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சிலே தோன்றும் பாட்டு ஒன்றுண்டு. வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர் கரிகாலனைப் பாடிய புறநானூற்று 66ஆம் பாட்டு அது. கடலிலே கலம் ஓட்டிக் காற்றைத் தன் ஏவலிற் கொண்டவன் மரபில் வந்தவனே என்று சோழனை விளித்துத் தொடங்குகின்றார் அம்மையார். பாடுவது அவன் வெண்ணிப்போரில் வென்ற வெற்றியை. ஆயின் முடிக்கும்போது, வென்றவனைப் பார்த்து, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்த தோற்றவன் நின்னிலும் நல்லவன் அல்லனோ என்று வினவிவிடுகின்றார். வென்றான் எவன் என்பதும் சிறந்தான் எவன் என்பதும் இரண்டு வினாக்கள் என்பதை ஒரு குயத்தி அரசன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கின்றாள். அது போர்க்களத்துச் செய்தி, கணக்குக்கு அடங்காதது. எனினும், முந்தினவனைப் பாராட்டியபின்னும் பிந்தினவனைத் திரும்பிப் பார்க்கும் அக்கண் ஈட்டெண் வகுப்பானுக்கும் வேண்டும்.

இவ்வினா எமக்குக் கடலிலே மட்டும் எழுவதன்று. வன்னியிலே பிள்ளை பெற்றவர் எவரும் இதனை அறிவர். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியிலே, கலைத்துறை ஒழிந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியன என வகுத்த 16 மாவட்டங்களுக்கும் உரியன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பதினாறனுள் அடங்கும். 1970களின் தரப்படுத்தல் தமிழ் இளைஞரிடையே விளைத்த கசப்பு யாவரும் அறிந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் பாடங்களின் கடுமை வேற்றுமையை 'இசட்' புள்ளியாற் சமன் செய்கின்றனர். ஒன்று நேரத்தைத் திருத்துவது போன்றது. மற்றது கலத்துக்கு எண்ணிடுவது போன்றது. குறையும் ஒன்றேதான். எண் கலத்துக்கு உரியது, செலுத்துபவனுக்கு உரியதன்று. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் படித்த பிள்ளைக்கும், அதே மாவட்டத்துப் பெயரைப் பதிந்துகொண்டு வேற்றூரிலே தனியார் வகுப்புக்களிற் பயின்ற பிள்ளைக்கும் கலம் ஒன்று என்றே ஏடு சொல்கின்றது. எண்ணை ஒழித்துவிட்டால் முதற்பிள்ளை கரையிலேயே நின்றுவிடும். ஆதலின் எண் வேண்டும்; அவ்வெண் எதனை அளக்கின்றது என்பதையும் ஆண்டுதோறும் கேட்டல் வேண்டும். யான் அறிந்த வரையில், இவ்விரண்டாம் பகுதியைச் செய்வார் குறைவு.

கடலுக்கு மீள்வோம். வன்னிக் கரையிலே பாய் இன்று அருகிவிட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகே எங்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009இல் முடிந்த போர் எஞ்சியவற்றையும் கொண்டுபோயிற்று. மீளக் கொடுக்கப்பட்ட கலங்களிலே பாய்மரத்துக்கு இடமில்லை. 2022இல் நாட்டிலே எரிபொருள் வற்றியது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இயந்திரத்தை நம்பிய படகுகள் பல மணலிலே கிடந்தன. அந்நாட்களில் பாய் கட்டத் தெரிந்த கை எத்தனை எஞ்சியிருந்தது என்று எண்ணிப்பார்க்கவேண்டும். பாய்ப்போட்டி வெறும் விளையாட்டன்று என்பதற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. எதிர்க்கரையிலே, இராமநாதபுர மாவட்டத்துத் தொண்டிப் பகுதியில், பாய்மரப் படகுப் போட்டிகள் நடந்துவருகின்றன. எமது கரையில் நடத்த முடியாதென்று யார் சொன்னார்?

இடம் எது என்று கேட்பீர்கள். வவுனியாவுக்குக் குளங்கள் உண்டு, கடல் இல்லை. நந்திக்கடலை யான் சொல்லேன்; அந்நீர்ப்பரப்பைப் பார்க்கும் கண்கள் இன்னும் வேறொன்றையே பார்க்கின்றன. மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு முதலிய பூநகரிப் பகுதிக் கரைகள் பாக்குநீரிணைப் பக்கம் அடங்கிக் கிடப்பவை; தொடங்குவதற்கு அவையே தக்கன என்பது என் எண்ணம். கட்டுமரம், வள்ளம், தெப்பம் என்று உள்ளன எவையோ அவை யாவும் வரட்டும்.

எண்ணுக்கு என் செய்வது? கட்டுமரத்துக்குப் பழைய ஓட்டக் கணக்கு இல்லை. புதிய சூத்திரங்கள் கட்டுமரத்தை அறியா. ஆகவே முதலாண்டு நீளம், பாய், நனைந்த நிறை மூன்றையும் அளந்து ஓர் உத்தேச எண்ணை இடுக. அதன்பின் ஓட்ட முடிவுகளைக் கொண்டு அதனைத் திருத்திக்கொள்க. இங்கே ஒரு பொறி உண்டு. ஊரிலே தலைசிறந்த கடலோடி ஒருவனே ஆண்டுதோறும் கட்டுமரத்தில் ஏறுவானாயின், அவன் கைத்திறன் கட்டுமரத்தின் எண்ணுக்குள் ஏறிவிடும். அவனுக்குப் பின் அதில் ஏறும் இளைஞன் செய்யாத குற்றத்துக்கு இறுப்பான். ஆதலின் ஓட்டம் ஒன்றிலேனும் ஆட்கள் தம்முள் கலம் மாறி ஏறவேண்டும். வள்ளக்காரன் கட்டுமரத்திலும் கட்டுமரக்காரன் வள்ளத்திலும் ஓடினால், எது கலத்தின் வேகம், எது கையின் வேகம் என்பது தெளியும். பெருங் கழகங்கள் நூற்றுக்கணக்கான முடிவுகளைத் திரட்டிப் பெறும் பயனை ஒரு சிற்றூர் இவ்வாறே பெறமுடியும்.

தேநீர்க் கடைக்காரர்க்கு விடை சொல்வதாகக் கூறினேன். வகுத்தற் கணக்கைக் கரையில் நிற்பவர் நம்பார். நம்பவேண்டுமென்று வற்புறுத்தலும் தகாது. ஆதலின் கணக்கை முடிவில் வையாது தொடக்கத்தில் வைக்கலாம். இரட்டையுடற் கலம் ஒரு மணி நேரம் ஓடும் பாதையாயின், 1.40 எண்ணுடைய கட்டுமரம் 84 நிமிடம் ஓடும், 1.20 எண்ணுடைய வள்ளம் 72 நிமிடம் ஓடும். எனவே, கட்டுமரம் முதலிற் புறப்படுக. 12 நிமிடங் கழித்து வள்ளம் புறப்படுக. மேலும் 12 நிமிடங் கழித்து இரட்டையுடற் கலம் புறப்படுக. எண் சரியாயின், மூன்றும் கரையை நெருங்கும்போது ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். முந்தி வந்தது வென்றது; கண்ணாற் கண்டதே தீர்ப்பு. மேலைநாட்டுக் கழகங்களிலும் இத்துரத்தற் போட்டி வழக்கில் உண்டு. காற்று இடையிலே மாறினால் இதுவும் பிழைக்கும். எனினும், பிழையை எல்லோரும் காண்பர்.

நேரங் குறிக்கப் பாடசாலை மாணவர் போதும். கைத்தொலைபேசியிலே விநாடி காட்டும் மணி எல்லோரிடமும் உண்டு. ஒவ்வொரு கலத்துக்கும் இருவர் தனித்தனி குறிக்கட்டும். இரண்டும் ஒவ்வாவிடில் மூன்றாமவன் ஏட்டைப் பார்க்கலாம். ஈட்டெண்களைக் கரையிலே கரும்பலகை ஒன்றில் முதல்நாளே எழுதிவைக்கவேண்டும். போட்டி முடிந்தபின் எழுதுதல் ஆகாது. முதல் மூன்று ஆண்டுக்கும் வெண்கட்டி போதும், அச்சிட வேண்டியதில்லை.